ஆளுக்கு இரண்டு டயர்

கவுன்டருக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டயரைக் கழற்றுவது, மாட்டுவது, காற்றடிப்பது, பேலன்ஸ் பார்ப்பது எல்லாம் ஃபிட்டர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். இருபத்தெட்டு வருஷம் டயர் கடையில் குப்பை கொட்டியும் நான் ஒரு நட்டைக்கூட உருப்படியாக முடுக்கியதில்லை. கவுன்டரில் நின்று வாடிக்கையாளரிடம் பேசுவதுதான் என் வேலை. பேசக் கூடாத நேரத்தில் பேசியதும், பேச வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டதும்தான் என் அனுபவம். அதில் ஒன்றை மட்டும் இன்றைக்குச் சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் செய்யாதீர்கள்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் கடை. மேற்கு மாம்பலத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவேன். கடைக்குள் நுழைகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்ததும், "மேனேஜர் இல்லையாம்மா?" என்பார்கள். "நான்தான் சார்" என்றால் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள், மீசையோடு யாராவது நிற்கிறாரா என்று. மீசையோடு நிற்பவர் தேசிங்கு. எங்கள் மூத்த ஃபிட்டர். பட்டினப்பாக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். அவரைப் பார்த்ததும் வந்தவர்களுக்கு நிம்மதி வந்துவிடும். அவரிடம் போய்க் கேட்பார்கள். அவர், "மேடமாண்ட கேளு சார்" என்று திருப்பி அனுப்புவார். இப்படிச் சுற்றிவிட்டு வந்தபிறகுதான் என்னிடம் மரியாதையாகப் பேசுவார்கள்.

நம் கடையில் கூட்டம் எப்போது வரும் என்பது உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். ராகு காலம் முடிந்த மறு நிமிஷம். இந்த வட்டாரத்தில் புது டயர் போடுவது ஒரு சுப காரியம். புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை கடையில் ஈ ஓட்டலாம். ஒன்று முப்பத்தொன்றுக்கு ஐந்தாறு வண்டி ஒரே நேரத்தில் மூக்கை நுழைக்கும். அதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். இதுவும் ஒரு பாடம்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு புதன்கிழமை ஒன்று முப்பத்தொன்றுக்கு இரண்டு வண்டிகள் வந்து நின்றன. ஒரே மாடல், ஒரே வெள்ளை நிறம். ஒன்றிலிருந்து அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் இறங்கினார். மற்றதிலிருந்து அறுபது வயதுக்காரர். மூக்கும் ஒன்று, நெற்றியும் ஒன்று, நடையும் ஒன்று. ஒருவரை ஒருவர் பார்த்ததும் இருவரும் ஒரே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அண்ணன் தம்பி. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்பா கட்டிய வீடு. அண்ணன் கீழே, தம்பி மாடியில். பாகப்பிரிவினை நடந்து ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. எங்கள் கடையில் அவர்களைக் கீழ்வீட்டு சார், மாடி சார் என்றுதான் சொல்வோம். வீட்டைப் பிரித்தார்கள், பாத்திரத்தைப் பிரித்தார்கள், குடும்ப ஜோசியரை மட்டும் பிரிக்க முடியவில்லை. அவர் இருவருக்கும் ஒரே நிறம் ராசி என்று சொல்ல, கீழ்வீட்டு சார் வண்டி வாங்கிய பத்தாம் நாள் மாடி சாரும் அதையே வாங்கினார். நான்கு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டி. மலையேறவும் சேற்றில் இறங்கவும் என்றே செய்த வண்டி. இவர்கள் இருவரும் அதில் ஏறிய பெரிய மலை அடையாறு பாலம்.

இப்போது அந்த வண்டியைப் பற்றி நாலு வரி சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். சாதாரண வண்டியில் முன் ஜோடியோ பின் ஜோடியோ, ஏதோ ஒன்றுதான் இழுக்கும். மற்றது சும்மா கூட உருளும். இந்த வகையில் நான்கும் வேலை செய்யும். முன் ஜோடிக்கும் பின் ஜோடிக்கும் நடுவில் கப்ளிங் என்று ஒன்று உட்கார்ந்துகொண்டு இரண்டையும் சேர்த்து வைக்கும். அதனால் நான்கு டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். முன்னால் புதுசு, பின்னால் தேய்ந்தது என்று போட்டால், தேய்ந்த டயர் சின்னது இல்லையா, அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றும். ஏதோ சக்கரம் வழுக்குகிறது என்று நினைத்துக்கொண்டு கப்ளிங் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். சூடாகும். நெடுந்தூரம் போனால் வெந்தே போகும். ஆகவே இரண்டு டயர் போனாலும் நான்கையும் மாற்று, அல்லது அதே அளவு தேய்ந்த டயரைத் தேடிப் பிடி. இது எனக்குத் தெரியும். சத்தியமாகத் தெரியும். தெரியாமல் செய்த தப்பாக இருந்தால் உங்களிடம் சொல்லியே இருக்க மாட்டேன்.

விஷயம் இதுதான். மெட்ரோ வேலைக்காக லாரிகளை அந்தச் சந்தில் திருப்பிவிட்டிருந்தார்கள். ஒரு லாரி ஏறி, அவர்கள் வீட்டு கேட் வாசலில் இருந்த சிலாப் உடைந்து, கம்பி நீட்டிக்கொண்டு நின்றது. பத்திரத்தில் வாசல் பொது. பொது என்றால் என்ன அர்த்தம்? இருவரும் தொடமாட்டார்கள் என்று அர்த்தம். அண்ணன் இடப்பக்கமாக வளைத்து உள்ளே விட்டதில் அவருடைய வலப்பக்க டயர் இரண்டும் கிழிபட்டு வீங்கிவிட்டன. தம்பி வலப்பக்கமாக வளைத்ததில் அவருக்கு இடப்பக்க டயர் இரண்டும். கம்பி மட்டும் பாரபட்சம் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை இருவரும் கும்பகோணம் போக வேண்டும். அவர்களுடைய ஒரே தங்கையின் பெண்ணுக்குச் சனிக்கிழமை காலை கல்யாணம். மாலை மாற்றும்போது பெண்ணைத் தூக்குவது தாய்மாமனான அம்மான்தான். சீர்வரிசை கொண்டுபோவதும் அம்மான்தான். இவர்கள் இருவரும் இல்லாவிட்டால் அந்த மண்டபத்தில் ஒன்றும் நகராது. எல்லாம் சரி. அந்த அளவில், அந்த மாடலுக்குப் பொருந்துகிற டயர் எங்கள் அலமாரியில் இருந்தது நான்கே நான்கு. கோடவுனில் கேட்டேன், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். தி.நகரில் கேட்டேன், அண்ணா சாலையில் கேட்டேன். எங்கும் இல்லை.

"நாலையும் எனக்குப் போடுங்கோ" என்றார் கீழ்வீட்டு சார். "நான்தான் முதல்ல வந்தேன். அவன்ட்ட சொல்லிடுங்கோ."

அவன் என்று அவர் சொன்ன ஆள் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

"நான் நேத்தே ஃபோன் பண்ணிக் கேட்டுண்டாச்சு" என்றார் மாடி சார். "டயர் எனக்குத்தான். அவர்ட்ட சொல்லுங்கோ."

நான் இருவரிடமும் மாறி மாறிச் சொன்னேன். குரல் ஏறியது. பின்னால் நான்கு வண்டிகள் காத்திருக்கின்றன. ஒருத்தர் ஹாரன் அடிக்கிறார். இன்னொருத்தர், "மேனேஜர் இல்லையாம்மா?" என்கிறார். உள்ளே முதலாளியின் ஃபோன் அடிக்கிறது. எனக்குத் தலை சுற்றியது. எங்கள் வீட்டில் நான்தான் மூத்தவள். முறுக்கோ மிட்டாயோ எது வந்தாலும் எண்ணிப் பிரித்துக் கொடுத்து வளர்ந்தவள். அந்தப் புத்தி வந்து வாயில் உட்கார்ந்துகொண்டது.

"ஆளுக்கு ரெண்டு போட்டுடறேன் சார். வம்பே வேண்டாம்."

இருவரும் அடங்கினார்கள். ஒரே சமயத்தில், ஒரே மாதிரி தலையாட்டினார்கள். தீர்ப்புச் சொன்ன நாட்டாமை மாதிரி எனக்கு அவ்வளவு பெருமை.

தேசிங்கு துணியில் கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். மெதுவாகத்தான் சொன்னார். "யக்கா, இன்னா பண்ணிக்கினு கீறே? இது நாலும் இழுக்கிற வண்டி. உனுக்குத் தெரியாததா?"

"தெரியும் தேசிங்கு. இப்போதைக்குப் போட்டு அனுப்புங்க. ஸ்டாக் வந்ததும் பாத்துக்கலாம்."

"அவங்க ரெண்டு பேரும் ஒத்துக்கினாங்க, சரி. வண்டி ஒத்துக்கணுமே."

"போடுங்கன்னு சொல்றேன் இல்ல?" என்று எரிந்து விழுந்தேன். அவர் போய் ஜாக்கியை உருட்டினார். இரண்டு வண்டிக்கும் முன்னால் புது ஜோடி, பின்னால் பழைய ஜோடி. இரண்டும் ஒழுங்காகக் கிளம்பிப் போயின. அன்றைக்கு நான் நிம்மதியாகத் தயிர் சாதம் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் கீழ்வீட்டு சார் ஃபோன் செய்தார். "மேடம், சந்து திரும்பறச்சே வண்டி முனகறது. என்னமோ பிடிச்சுப் பிடிச்சு விடறாப்ல இருக்கு."

அப்போது நான் சொன்னதைக் கவனமாகக் கேளுங்கள். நம் தொழிலில் இதைவிடக் கேவலமான வாக்கியம் கிடையாது.

"புது டயர் இல்லையா சார். ரெண்டு நாள் ஓடினா செட் ஆயிடும்."

செட் ஆயிடும். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இந்த ஊரில் எத்தனை பேர் பிழைப்பு நடத்துகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் தச்சர் சொல்வார், செட் ஆயிடும். பல் கட்டியவர் சொல்வார், செட் ஆயிடும். மாப்பிள்ளை சிடுசிடுவென்று இருக்கிறார் என்றால் தரகர் சொல்வார். நானும் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். தேசிங்கு பக்கத்தில் ஒரு டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மாடி சார் ஃபோன். "மேடம், ஸ்டியரிங்குக்கு முன்னால மஞ்சளா ஒரு விளக்கு எரியறது. கருகின வாசனை வேற லேசா வரது. நாங்க கும்பகோணம் கிளம்பிண்டு இருக்கோம். போகலாமோல்லியோ?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது அந்த வார்த்தை. உண்மையாகச் சொல்கிறேன், எனக்கு வெடவெடவென்று பயமாக இருந்தது. முந்நூறு கிலோமீட்டர், நல்ல வெயில். விழுப்புரம் தாண்டி எங்கேயாவது கப்ளிங் வெந்து நின்றால்? ஒரு வண்டி இல்லை, இரண்டும் நிற்கும். சீர்த்தட்டோடு இரண்டு அம்மான்களும் நெடுஞ்சாலையில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். அந்தப் பெண்ணைத் தூக்க ஆள் இருக்காது. அவ்வளவும் நான் முறுக்குப் பிரித்ததால். சொன்னால் என் பெயர் கெடும். இத்தனை வருஷத்தில் கவுன்டரில் நின்று ஒரு தடவைகூட, தப்பு என்னுடையது என்று நான் சொன்னதில்லை. எல்லாத் தப்பையும் ரோட்டின் மேல் போட்டுவிடுவேன். ரோடு மறுத்துப் பேசாது.

"எத்தனை மணிக்குக் கிளம்பறீங்க சார்?"

"பத்தரைக்கு ராகு காலம் வந்துடறது. அது கழிஞ்சு பன்னெண்டுக்குத்தான். அவரும் அப்பத்தான் கிளம்புவார்னு நினைக்கறேன்."

"நகராதீங்க. நான் வரேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். திரும்பினால் தேசிங்கு ஏற்கெனவே ஜாக்கியையும் ஸ்பேனரையும் எடுத்து வாசலில் வைத்துவிட்டு ஆட்டோ பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் வீட்டுக்குப் போனபோது மணி பத்தே முக்கால். போர்ட்டிகோவில் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டிலும் சீர்த்தட்டுகள், பழக்கூடை, பட்சணப் பெட்டி. சகோதரர்கள் கண்ணில் படவில்லை. ஒருவர் கீழ்க் கதவுக்கு உள்ளே, ஒருவர் மாடிப்படிக்கு மேலே. ஒருவர் வெளியே இருந்தால் மற்றவர் வரமாட்டாராம்.

கீழ்க் கதவைத் தட்டி விஷயத்தை ஆரம்பித்தேன். பாதி கேட்டுவிட்டு, "அவன்ட்ட சொல்லியாச்சா? என்ன சொன்னான்?" என்றார். மாடிக்கு ஓடினேன். முட்டி வலியோடு இருபத்திரண்டு படி. "அவர்ட்ட முதல்ல சொன்னேளா? என்ன சொன்னார்?" என்றார் தம்பி. கீழே இறங்கினேன். மறுபடி ஏறினேன். மூன்றாவது தடவை நடுப்படியில் எனக்கு மூச்சு வாங்கியது, கூடவே கோபமும் வந்தது. அங்கேயே நின்று, இரண்டு கதவுக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"சார், ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. தப்பு என்னுடையது. ஆளுக்கு ரெண்டுன்னு பிரிச்சது தப்பு. உங்க வண்டியைப் பிரிக்க முடியாது. புதுசு நாலும் ஒரு வண்டியில இருக்கணும், பழசு நாலும் ஒரு வண்டியில இருக்கணும். இது எனக்குப் புதன்கிழமையே தெரியும். தெரிஞ்சும் உங்க சத்தத்துக்குப் பயந்துகிட்டுப் போட்டு அனுப்பினேன். நேத்திக்கு ஃபோன்ல செட் ஆயிடும்னு சொன்னேனே, அது பொய். இப்படியே போனா ரெண்டு வண்டியும் வழியில நின்னுடும்."

சொல்லி முடித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. வெட்கமாக இருந்தது. ஆனால் நெஞ்சில் இரண்டு நாளாக உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டதையும் மறைக்க முடியாது.

கீழ்க் கதவு திறந்தது. மாடியிலிருந்து செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரே போர்ட்டிகோவில் நின்றார்கள். என்னைப் பார்த்தபடிதான்.

"அதுக்கு இப்ப என்ன பண்ணணும்கறேள்?" என்றார் அண்ணன்.

"ரெண்டும் ஒரே மாடல். சக்கரத்தைக் கழட்டி இங்கேருந்து அங்கே மாட்டினாப் போதும். முக்கால் மணி நேரம்."

"இப்பவா? ராகு காலத்துல சக்கரத்தைக் கழட்டறதா? கல்யாணத்துக்குப் போற வண்டி மேடம்."

"வேண்டவே வேண்டாம்" என்றார் தம்பி. ஒன்பது வருஷத்தில் இருவரும் தாங்களாகவே ஒத்துப்போன முதல் விஷயம் எனக்கு எதிராக.

தேசிங்கு என்னைப் பார்த்தார். "யக்கா, டைம் ஓடிக்கினே கீது."

கவுன்டரில் நிற்கிறவர்களுக்குத் தொழில் தெரிந்தால் மட்டும் போதாது, பஞ்சாங்கமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். "சார், ராகு காலத்துல புதுசா ஒண்ணை ஆரம்பிக்கத்தானே கூடாது? இது புது வேலை இல்ல. புதன்கிழமை ராகு காலம் கழிஞ்சு, ஒண்ணு முப்பத்தொண்ணுக்கு நல்ல நேரத்துல ஆரம்பிச்ச வேலை. இன்னும் முடியல. அவ்வளவுதான்."

அண்ணன் யோசித்தார். தம்பியும் அதே மாதிரி தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "ஆரம்பிச்சதைத் தொடரலாம். தோஷமில்லை" என்றார் அண்ணன், என்னவோ அவரே கண்டுபிடித்தது போல. தேசிங்கு அடுத்த நொடி ஜாக்கியை உள்ளே தள்ளிவிட்டார். பழைய டயர் நான்கையும் அளந்து பார்த்தார். இருவரும் போய்வருகிற இடம் கோயிலும் சபாவும் டாக்டரும்தானே, நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருந்தன. இன்னும் நன்றாக ஓடக்கூடிய டயர்கள்தான்.

"சரி, புதுசு யாருக்கு?" என்று கேட்டார் தேசிங்கு. கேட்டிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. புதன்கிழமைச் சண்டை மறுபடி ஆரம்பிக்கப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அவனுக்கே போடுங்கோ" என்றார் அண்ணன்.

கண்ணைத் திறந்தேன்.

"அவன் நூறுக்குக் கம்மியா வண்டி ஓட்ட மாட்டான். சைக்கிள் ஓட்டற காலத்துலேர்ந்து அப்படித்தான். தேய்ஞ்ச டயரைப் போட்டுண்டு அவன் முன்னால போனான்னா, பின்னால வர எனக்கு நிம்மதியா ஓட்ட முடியுமா? புதுசு அவனுக்குப் போடுங்கோ."

"அதெல்லாம் வேண்டாம்" என்றார் தம்பி என்னிடம். "அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஆறு மாசம்கூட ஆகல. பிரேக்கை மிதிக்கறதுக்குள்ள ஆடு மாடெல்லாம் கடந்து போயிடும். அவருக்குத்தான் நல்ல டயர் வேணும்."

"என் கண்ணைப் பத்தி இவனுக்கு யார் சொன்னா?"

சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டு உடனே நின்றது. அண்ணன் மனைவியும் தம்பி மனைவியும் இந்த ஒன்பது வருஷமும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது. ஆண்கள் இருவருக்கும் புரிந்ததா, தெரியாது.

"அவனுக்குப் போடுங்கோ."

"அவருக்குப் போடுங்கோ."

வாங்கிக்கொள்ளவும் சண்டை, விட்டுக்கொடுக்கவும் சண்டை. மணி பதினொன்று பத்து. தேசிங்கு இரண்டு வண்டிக்கும் நடுவில் ஸ்பேனரோடு உட்கார்ந்து, "இன்னா நைனா இது" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டார்.

புதன்கிழமை எங்கே சறுக்கினேன் என்று அப்போதுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வந்தவர்களைச் சமாதானப்படுத்துவதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். வண்டியைச் சரியாக அனுப்புவதுதான் வேலை. அவர்கள் கோபித்துக்கொண்டால் போகட்டும். கவுன்டரில் இருக்கும்போது இதை மறக்காதீர்கள். நாலு பேர் கத்தும்போது நமக்குத் தோன்றுகிற நியாயம், பெரும்பாலும் சத்தம் நிற்க வேண்டும் என்ற ஆசைதான்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம இருங்க சார்" என்றேன். "இது உங்க முடிவில்ல, என் முடிவு. பெரிய சார் அறுபதுக்கு மேல போக மாட்டார். அவர் வேகத்துக்கு இந்தப் பழைய டயர் தாராளம். வேகமா ஓட்டறவருக்குத்தான் புதுசு. தேசிங்கு, புதுசு நாலும் மாடி சார் வண்டிக்கு. மாடி சார், நீங்க எண்பதைத் தாண்டினீங்கன்னா அடுத்த தடவை என் கடைப்பக்கம் வராதீங்க."

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பிரிச்சுக் குடுத்ததாலதான் சார் இவ்வளவும் வந்தது" என்றேன்.

தேசிங்கு வேலை செய்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அண்ணன் வண்டியின் முன்சக்கரம் இரண்டும் தம்பி வண்டிக்குப் பின்னால் போயின. தம்பி வண்டியின் பின்சக்கரங்கள் இந்தப் பக்கம் வந்தன. தேசிங்கு கேட்க, அண்ணன் ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டுபோனார். தம்பி மறுபக்கத்திலிருந்து ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். நடுவில் இரண்டு சக்கரமும் முட்டிக்கொள்ள இருந்தன. ஒருவர் நின்று வழிவிட்டார். யார் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் அதற்கும் சண்டை வரும். பதினொன்று ஐம்பத்தைந்துக்கு மஞ்சள் விளக்கை அணைத்து, சந்தைச் சுற்றி ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார் தேசிங்கு. "வெண்ணெய் மாரி போவுது" என்றார்.

பன்னிரண்டு ஒன்றுக்கு இரண்டும் கிளம்பின. போகும்போது கீழ்வீட்டு சார் கண்ணாடியை இறக்கி, "தப்புன்னு வாசல்ல நின்னு சொன்னேளே, அதுக்கு ஒரு தைரியம் வேணும்" என்றார். ஆட்டோவில் தேசிங்கிடம், "புதன்கிழமை உங்க மேல கத்தினது தப்புங்க" என்றேன். "அத்த வுடு யக்கா" என்றார். பட்டினப்பாக்கத்தில் இறங்கி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார்.

அன்றைக்குப் பூராவும் ஒரு வேலையும் ஓடவில்லை. ஃபோன் அடித்தபோதெல்லாம் விழுப்புரம் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஏழு மணிக்குக் கீழ்வீட்டு சார் எண் வந்தது.

"மேடம், சௌக்கியமா வந்து சேர்ந்துட்டோம். விளக்கும் எரியல, வாசனையும் வரல." பின்னால் நாகஸ்வரமும் தவிலும் காதைப் பிளந்தன.

"ரொம்ப சந்தோஷம் சார்."

அவர் வைக்கவில்லை. "இல்ல... அவன் எனக்கு முன்னாடியே போயிட்டான். நடுவுல கண்ணுல படவே இல்ல. உங்களுக்கு ஏதாவது ஃபோன் வந்துதா? வழியில எங்கயும் நின்னுடலையே?"

"வரலையே சார். வந்தா உடனே சொல்றேன்" என்றேன்.

வைத்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மறுபடி அடித்தது. மாடி சார்.

"மேடம், நாங்க வந்தாச்சு. வண்டி பிரமாதம். அது இருக்கட்டும், அவர் உங்களுக்கு ஃபோன் பண்ணினாரா? மெதுவாத்தான் வருவார், தெரியும். இருந்தாலும் இருட்டிடுத்து, அவருக்கு இருட்டில கண்ணு..."

அவர் பேசப் பேச, பின்னால் அதே நாகஸ்வரம், அதே பாட்டு, விட்ட இடத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அதே தவில்.

"சார், நீங்க எங்க நிக்கறீங்க?"

"மண்டபத்துலதான். வாசல்ல சந்தனம் குடுக்கற இடத்துல."

"அப்படியே திரும்பிப் பாருங்க சார்."

ஃபோனை அவர் வைக்கவில்லை. நான் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன். தவில் சத்தத்துக்கு நடுவில், மாடி சார் யாரிடமோ, "டிபன் ஆச்சோ?" என்று கேட்பது எனக்குக் கேட்டது.